வாடகை வீட்டு ஹாலுக்கு மண் கலர் போஹோ லுக், 40 ஆயிரத்துக்குள்ள முடியுமா?

செம்பருத்தி82

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னிக்குதான் முதல் தடவையா எழுதறேன். சென்னைல மடிப்பாக்கம் பக்கம் வாடகை வீடு, ரெண்டாவது மாடி. ஹால் 10க்கு 14 அடி. கீழ வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ், சுவத்துல வெள்ளையும் இல்லாம சந்தனமும் இல்லாம ஒரு பெயிண்ட், கல்யாணத்தப்ப வாங்கின சாம்பல் கலர் மூணு சீட் சோபா (மாத்த முடியாது, அப்பா வாங்கிக் குடுத்தது), ஒரு டிவி யூனிட், மேற்கு பாத்து பால்கனி கதவு. உள்ள வந்தா பல் டாக்டர் கிளினிக்ல டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கற மாதிரி இருக்குன்னு என் தங்கச்சி சொல்லுவா, எனக்கு கோவம் வரும், ஆனா உண்மைதான்.

எனக்கு புடிச்சது அந்த எர்த்தி போஹோ. பிரம்பு சேர், சணல் கார்ப்பெட், செங்கல் கலர் குஷன், தொங்கற செடி, சுவத்துல முடிச்சு முடிச்சா நூல் தோரணம், அதான். போன மாசம் ஆசைப்பட்டு ஆன்லைன்ல "போஹோ ஹால் செட்"னு ஒண்ணு ஆர்டர் பண்ணேன், 6,800 ரூபா, அஞ்சு குஷன் கவர், ஒரு மேக்ரமே (அந்த முடிச்சு நூல் தோரணம்தான்), மூணு ஃப்ரேம், ஒரு கட்டு பிளாஸ்டிக் பாம்பாஸ் புல்லு. எல்லாத்தையும் வச்சுப் பாத்தேன். பல் டாக்டர் கிளினிக்ல யாரோ அவசரத்துல கொலு வச்ச மாதிரி ஆயிடுச்சு. நல்லவேளை ரிட்டர்ன் எடுத்துக்கிட்டாங்க.

இப்ப என் நிலைமை: ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டார். மாமியார் கூட இருக்காங்க, முட்டி வலி, தரைல உக்காந்தா எழுந்திருக்க முடியாது. பையனுக்கு நாலு வயசு, எதையும் இழுப்பான். பட்ஜெட் 40,000, அதுவும் ரெண்டு மூணு மாசத்துல கொஞ்சம் கொஞ்சமா. எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?

வாட்ஸ்_அண்ணன்

ஒரே ஒரு கேள்விம்மா. ஹால்ல என்ன லைட் இருக்கு?

செம்பருத்தி82

ரெண்டு எல்இடி ட்யூப், 20 வாட்ஸ். டிவி மேல ஒண்ணு, எதிர்ல ஒண்ணு. நல்லா பளிச்சுன்னுதான் இருக்கும்ணா.

வாட்ஸ்_அண்ணன்

அந்த பளிச்சுதான் உன் கிளினிக். நான் லைட் கடை வச்சிருந்தவன், 19 வருஷம், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன் கோச்சுக்காத.

ட்யூப் டப்பாவ எடுத்துப் பாரு, 6500கேன்னு போட்டிருக்கும். நம்ம ஊர்ல கடைக்காரன்கிட்ட சும்மா "ட்யூப் குடு"ன்னா கைல வர்றது அதான், நீலம் கலந்த வெள்ளை. செங்கல் கலர், மஞ்சள் கிழங்கு கலர், கோரை கலர், பிரம்பு, இதெல்லாம் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து நிக்கற கலருங்க. அந்த வெளிச்சத்துல சிவப்பு கம்மி, அதனால பொருள் நல்லதா இருந்தாலும் செத்த மாதிரி தெரியும். உன் செட்டு கூட பாதி அதனாலதான் நல்லா இல்லாம போயிருக்கும் (மீதி பாதி அந்த பிளாஸ்டிக் புல்லு). 2700கே இல்லன்னா 3000கே பல்பு வாங்கு, டப்பால வார்ம் வைட்னு இருக்கும். சிஆர்ஐன்னு ஒரு நம்பர் போட்டிருப்பான், அந்த வெளிச்சத்துல கலர் எவ்ளோ நிஜமா தெரியும்ங்கறதுக்கு, 80 பரவால்ல, 90 கிடைச்சா விடாத.

அதே முக்கியம், வெளிச்சம் மேலேர்ந்து மட்டும் வரக் கூடாது. சோபா பக்கத்துல ஒரு ஸ்டாண்ட் லேம்ப், டிவி யூனிட் மேல ஒரு டேபிள் லேம்ப், உக்காந்திருக்கறவங்க கண் உசரத்துக்கு. 9 வாட்ஸ் தாராளம். ட்யூபைக் கழட்டாத, இருக்கட்டும், பையன் ஒரு நாள் லெகோ தேடுவான், மாமியார் அரிசில கல்லு பொறுக்குவாங்க, அப்ப போட்டுக்க. வேற எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி இதை மட்டும் பண்ணி ஒரு வாரம் இரு. ஆயிரத்து சொச்சத்துல பாதி ஹால் மாறிடும்.

சும்மா_படிக்கிறவன்

எனக்கு ஒண்ணு புரியல. பிரம்பு நாற்காலி, கோரைப்பாய், மண்பானை, ஓலைக்கூடை. இதெல்லாம் எங்க பாட்டி வீட்டுல இருந்தது, சித்தப்பா துபாய்லேர்ந்து வந்து எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு ஃபைபர் சேர் வாங்கிப் போட்டார். இப்ப அதே சாமானை போஹோன்னு பேர் வச்சு பத்து மடங்கு ரேட்டுல வாங்கறோம். அந்த மேக்ரமே பிளான்ட் ஹேங்கர்ங்கறீங்களே, அது உறி. மோர்ப்பானை தொங்கும் அதுல. அவ்ளோதான்.

ஆர்க்கி_மதுரை

@சும்மா_படிக்கிறவன் உறி விஷயம் நூத்துக்கு நூறு. ஆனா பாட்டி வீடும் போஹோவும் ஒண்ணு இல்ல பாஸ். உறியைத் தொங்க விட்டது பூனைக்கும் எறும்புக்கும் பயந்து, அழகுக்கு இல்ல. பாட்டி வீட்டுக் கூடம் காலியா இருக்கும், பாயைச் சுருட்டி மூலைல சாத்திட்டா நடுவுல ஒண்ணுமே இருக்காது. போஹோங்கறது அதுக்கு நேர் எதிர், மேல மேல சேர்க்கறது. பேரே பாருங்க, பிரான்ஸ்ல ரோமா நாடோடி மக்களை பொஹீமியாலேர்ந்து (இப்ப செக் நாட்டுல இருக்கு) வந்தவங்கன்னு நினைச்சு பொஹேமியன்னு கூப்டாங்க, அப்புறம் 19ம் நூற்றாண்டுல பாரிஸ்ல காசில்லாத ஓவியனுங்க எழுத்தாளனுங்க எல்லாருக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. கைல கிடைச்சது, எவனோ குடுத்தது, எங்கயோ போனப்ப வாங்கினது, எல்லாம் ஒரு ரூம்ல. அதை ஒரே டப்பால "செட்"டா விக்கறான் பாருங்க, அதான் காமெடி. ஒரே நாள்ல ஒரே கடைல வாங்கினா இந்த லுக் வரவே வராது, சிஸ்டருக்கு நடந்தது அதான்.

சரி, வேலைக்கு வர்றேன். சிஸ், ஓனர் பெயிண்டுக்கு ஒத்துப்பாரா? ஒத்துக்கிட்டா ஒரே ஒரு சுவர், சோபாக்குப் பின்னாடி இருக்கறது. பால்கனி மேற்கன்னா சாயங்கால வெயில் நேரா வந்து அந்த சுவத்துல விழும், மண் கலர் அப்ப ஜொலிக்கும். டிவி சுவத்துல அடிக்காதீங்க, யாரும் பாக்க மாட்டாங்க. ஷேட் கார்டுல புடிச்சதை விட ஒரு படி வெளுத்த ஷேட் எடுங்க, பெரிய சுவத்துல எப்பவும் அடர்த்தியாத்தான் தெரியும். சின்ன டப்பா வாங்கி சார்ட் பேப்பர்ல அடிச்சு சுவத்துல ஒட்டி காலைல, அஞ்சு மணிக்கு, ராத்திரி மூணு வேளையும் பாருங்க.

இன்ஸ்டால பாத்துட்டு லைம் வாஷ் அடிக்கணும்னு ஆசைப்படாதீங்க. சுண்ணாம்பு சுவத்தோட சேரணும்னா சுவர் அதைக் குடிக்கணும். உங்க சுவத்துல ஏற்கனவே எமல்ஷன் இருக்கும், அது பிளாஸ்டிக் தோல் மாதிரி, மேல அடிச்சா பொடிப்பொடியா உதிரும். சுரண்டி எடுத்துட்டு பண்ணணும், வாடகை வீட்டுக்கு அது வேண்டாத வேலை.

இன்னொண்ணு, காவி கலர் சுவர், ஓரத்துல வெள்ளை பட்டைன்னு டிசைன் யாராவது சொன்னா கேக்காதீங்க. கோயில் மதில் ஆயிரும். எங்க கிளையண்ட் ஒருத்தர் வீட்டுல அப்டி ஆயி, வந்தவங்க எல்லாம் செருப்பை வெளில விடவான்னு கேட்டாங்க.

செம்பருத்தி82

சிரிச்சு முடியல 😂 ஓனர்கிட்ட கேட்டேன், காலி பண்ணும்போது பழையபடி அடிச்சுக் குடுக்கணும்னு சொல்லி ஒத்துக்கிட்டார். லைட் ஆர்டர் போட்டுட்டேன் அண்ணா. அடுத்தது தரை. சணல் கார்ப்பெட் 5க்கு 8 ஒண்ணு 4,200க்கு பாத்து வச்சிருக்கேன், வாங்கிடவா?

பவானிக்காரன்

அம்மணி, வாங்காதீங்க. எங்கூரு பெருமைக்காகச் சொல்றனாட்ட இருக்கும், ஆனாலும் கேளுங்க.

நான் சென்னைல ஆறு வருசம் இருந்தனுங்க. சணல் கார்ப்பெட் போட்டிருந்தேன். ஐப்பசி மழைல பால்கனி கதவோரம் சாரல் அடிச்சு ஒரு மூலை நனைஞ்சுது. காஞ்சிரும்னு விட்டுட்டேன். நாலு நாள் கழிச்சு ரூமே ஈரச் சாக்கு நாத்தம், தூக்கிப் பாத்தா அடில கருப்பா பூசணம், டைல்ஸ்ல மஞ்சக் கறை வேற. சணலைத் தண்ணில போட்டுத் துவைக்க முடியாது, சாயம் எறங்கும், விறைச்சுப் போகும். பையன் பால் கொட்டினா அத்தோட முடிஞ்சுது. அதும் போக வெறும் கால்ல நடந்தா குத்தும், நார் உதிரும்.

பருத்தி ஜமக்காளம் எடுங்க. பவானி ஜமக்காளத்துக்கு 2005லயே புவிசார் குறியீடு வாங்கியாச்சு, ஆனா அந்தப் பேர்ல பவர்லூம் சரக்கு நிறைய சுத்துது. எங்கப்பா குழித்தறில நெய்வாருங்க, அகலமான துண்டுன்னா பக்கத்துல இன்னொருத்தர் உக்காந்து ரெண்டு பேரும் நாடாவை (ஊடை நூல் இருக்கற ஓடம்) இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளி விடோணும். அப்படி நெய்ஞ்சது கனமா இருக்கும், திருப்பிப் போட்டாலும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் அழுக்காச்சுன்னா அடுத்த பக்கம். துவைச்சு மொட்டை மாடில போட்டா சாயங்காலம் எடுத்துக்கலாம். கண்ணைப் பறிக்கற ரோஸ், பச்சை பட்டை வேண்டாம்னா செங்கல் கலர், கருப்பு, வெள்ளை பட்டை போட்டதும் இருக்குங்க, கோ-ஆப்டெக்ஸ்ல கேட்டுப் பாருங்க.

விரிக்கும்போது சோபாவோட முன்னங்காலு ரெண்டும் ஜமக்காளம் மேல ஏறி இருக்கோணும், இல்லீனா ஹால் நடுவுல தீவாட்டம் தனியாக் கிடக்கும். அடில ரப்பர் வலை மேட் கட்டாயம் போடுங்க, விட்ரிஃபைடு டைல்ஸ்ல ஜமக்காளம் வழுக்கும், வயசானவங்க இருக்கறாங்கன்னு வேற சொல்றீங்க.

கோவை_குளிர்

சணலைப் பத்தி இவ்ளோ பயமுறுத்த வேணாம். எங்க வீட்டுல மூணு வருஷமா கிடக்கு, ஒரு பிரச்சனையும் இல்ல.

பவானிக்காரன்

உங்கூருல வேர்க்கறதே இல்லீங்களே, சணலுக்கு மட்டும் எப்படிங்க வேர்க்கும்.

செம்பருத்தி82

ஜமக்காளம் முடிவாயிடுச்சு. அடுத்த ஆசை பிரம்பு சேர். பழசு ஒண்ணு விக்கறேன்னு பெருங்குடில ஒருத்தர் போட்டிருக்கார், 3,000 ரூபா, போட்டோல சூப்பரா இருக்கு. புதுசு 8,000க்கு மேல சொல்றாங்க.

ஆச்சி_வீடு

ஏம்மா, பணம் குடுக்கறதுக்கு முன்னாடி நேர்ல போய்ப் பாரு. எங்க ஊரு காரைக்குடி, பழைய சாமான் மத்தியிலயே வளர்ந்தவ, அதனால சொல்றேன். முனீஸ்வரன் கோயில் தெருல பழைய பொருள் கடைல ஒரு தரம் ஆசையா ஒரு சாய்வு நாற்காலி தூக்கிட்டு வந்தேன். ரெண்டு மாசம் கழிச்சு காலைல கூட்டும்போது நாற்காலிக் காலுக்குக் கீழ சின்னதா ஒரு குவியல். சலிச்ச கடலமாவு மாதிரி அவ்வளவு நைசா. கூட்டித் தள்ளிட்டேன். மறுநாள் அதே இடத்துல அதே அளவு. அப்புறம் கண்ணாடியப் போட்டுக்கிட்டு குனிஞ்சு பாத்தா பிரம்புல குண்டூசி குத்தின மாதிரி வரிசையா ஓட்டை. வண்டு உள்ளேயிருந்து தின்னுட்டு மாவை வெளில தள்ளுது. ஓட்டை நம்ம கண்ணுக்குத் தெரியும்போது அது வேலைய முடிச்சிட்டு வெளில பறந்துருக்கும், உள்ள அடுத்த தலைமுறை உக்காந்திருக்கும்.

நீ போனா நாற்காலிய வெள்ளைத் துணி மேல வச்சு நாலு தட்டு தட்டு. மாவு விழுந்தா திரும்பிப் பாக்காம வந்துரு. மண்ணெண்ணெய் தடவுனா போயிரும்னு விக்கறவன் சொல்லுவான், மேல வார்னிஷ் அடிச்ச பிரம்புல அது உள்ளயே இறங்காது, நாத்தம் மட்டும் நிக்கும். உன் வீட்டுல மரச் சாமான் இருக்கில்ல, அதுக்கும் பரவும்.

உன் மாமியாருக்காகத்தான் வாங்குறேன்னா உக்கார்ற பலகை தரையிலேருந்து 17, 18 இஞ்சு இருக்கணும், ரெண்டு பக்கமும் கை இருக்கணும், ஊனி எழுந்திரிக்க. இந்த வட்டமா குழிஞ்ச கூடை நாற்காலி பாக்க நல்லாருக்கும், எனக்கும் முட்டி வலி உண்டு, அதுல உக்காந்தா ரெண்டு பேர் வந்து தூக்கணும்.

திரைச்சீலைக்குக் காசு செலவழிக்காத. வீட்டுல பழைய சுங்குடிச் சேலை இருக்கா? சேலை நீளம் அஞ்சரை மீட்டர், அதாவது 18 அடி. உன் பால்கனிக் கதவு 7 அடி உசரம்னா மேல மடிச்சுத் தைக்கறதுக்குச் சேர்த்து ஏழரை ஏழரையா ரெண்டு துண்டு வெட்டு. மிச்சம் மூணடி இருக்கும், அதுல நாலு குஷனுக்கு முன்பக்கம் வரும், பின்பக்கம் காடாத் துணி போட்டுக்க. அகலம் ஒவ்வொண்ணும் 46 இஞ்சு, ரெண்டும் சேர்ந்தா 92, அஞ்சடிக் கதவுக்கு ஒன்றரை மடங்கு, மடிப்பு நல்லா விழும். பழசுங்கறதால இனிமே சுருங்காது. மேக்கு வெயில் சாயத்தைத் தின்னும், பின்னாடி வெள்ளை லைனிங் வச்சுத் தை.

செம்பருத்தி82

ஆச்சி, நேத்து போயி வெள்ளைக் கைக்குட்டைய விரிச்சு தட்டிப் பாத்தேன். மாவேதான். அந்த ஆள் "தூசி மேடம்"னார். வந்துட்டேன்.

பனங்கொட்டை

அக்கா, இதை வாசிச்சிட்டு எழுதாமல் இருக்கேலாமல் கிடக்கு. நான் கனடாவில ஸ்காபரோவில இருக்கிறன். இஞ்ச கடையில போஹோ பாஸ்கெட் எண்டு 60 டொலருக்கு விக்கினம், பாத்தால் எங்கட அம்மம்மா நெல்லுப் போட்டு வச்ச கடகம் மாதிரியே கிடக்கு. போன முறை யாழ்ப்பாணம் போனநேரம் பனையோலைக் கடகம் ரெண்டும் சுளகு மூண்டும் வாங்கிக்கொண்டு வந்தனான். சுளகு மூண்டையும் சுவரில கொழுவி இருக்கிறன், வாற வெள்ளைக்கார ஆக்கள் எல்லாரும் எங்க வாங்கினனீங்கள் எண்டுதான் முதல் கேக்கினம். உங்களுக்கு அங்க ஈரம் பிரச்சினை, எங்களுக்கு இஞ்ச பனிக்காலத்தில ஹீட்டர் போட்டால் காத்து காஞ்சு பிரம்பு வெடிக்கும், கிழமைக்கு ஒருக்கா ஈரத்துணியால துடைக்கிறனான்.

ஆச்சி_வீடு

நல்லா சொன்னீங்க. எங்க பக்கம் கொட்டான் இருக்கு, பனையோலைல பின்றது, கல்யாணச் சீர்ல வைப்போம். நாலஞ்சு அளவுல வாங்கி ஒண்ணுக்குள்ள ஒண்ணு வைக்காம பக்கத்துல பக்கத்துல வைம்மா, ரிமோட்டு, சார்ஜர், பையன் கார் பொம்மை எல்லாம் உள்ள போயிரும்.

தரைக்கு ஆத்தங்குடி டைல்ஸ் மாதிரி ஸ்டிக்கர் ஒட்டலாம்னு யாராவது வந்து சொல்லுவாங்க, கேக்காத. அசல் ஆத்தங்குடிக் கல்லு கண்ணாடித் தட்டு மேல அச்சை வச்சு கலரு கலரா சிமெண்டுக் குழம்பை ஊத்தி, தண்ணில ஊறப் போட்டு எடுக்கறது, சூளைல வைக்கறதே இல்ல. அந்த வழவழப்பு கண்ணாடி குடுக்கறது, ஸ்டிக்கர்ல வராது. ஆசையா இருந்தா உதிரியா நாலு கல்லு வாங்கி செடித் தொட்டிக்கு அடில வை. டீப்பாய் மேல வைக்காத, எலுமிச்ச சாறு பட்டா சிமெண்ட அரிக்கும், காபிக் கறையும் போகாது.

மாடித்தோட்டம்

செடி பத்தி யாரும் பேசலையே. ஃபிடில் லீஃப் ஃபிக் வேணாம், படத்துல மட்டும்தான் நல்லா இருக்கும், ஏசியும் மேற்கு வெயிலும் மாறி மாறி பட்டா இலையெல்லாம் கொட்டிடும். மணி பிளான்ட், அப்புறம் ஸ்நேக் பிளான்ட். ஸ்நேக் பிளான்ட்னு 400 ரூபா குடுக்காதீங்க, நம்ம மருள் இருக்கே அதோட சொந்தக்காரன்தான், ஊர்ப்பக்கம் வேலியோரம் மண்டிக் கிடக்கும், ஒரு கிழங்கு கொண்டு வந்தா போதும். பத்து நாளைக்கு ஒரு தரம் தண்ணி.

மண்தொட்டிக்கு கொசப்பேட்டை போங்க, இல்ல ஈசிஆர் ரோட்டோரம். ஆனா மண்தொட்டில நேரா செடி வைக்காதீங்க. சூளைல சுட்டாலும் மண்தொட்டில நுண்ணுசா ஓட்டை இருக்கும், தண்ணி கசிஞ்சு டிவி யூனிட் பலகை ஊதிடும். நம்ம போர் தண்ணில உப்பு வேற, ஒரே மாசத்துல தொட்டி வெளில வெள்ளையா பூத்துடும். சில பேருக்கு அந்த வெள்ளை புடிக்கும், பழசு மாதிரி இருக்குன்னு. புடிக்கலன்னா வினிகர்ல தண்ணி கலந்து துடைங்க. செடி பிளாஸ்டிக் தொட்டிலயே இருக்கட்டும், அதை அப்டியே தூக்கி மண்தொட்டிக்குள்ள எறக்கிடுங்க.

அடித்தட்டுல நிக்கற தண்ணிய வாரம் ஒரு தரமாவது கொட்டிடுங்க. டெங்கு கொசு முட்டை போட்டு பறக்கறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும்.

சும்மா_படிக்கிறவன்

எல்லாம் சரி, தூசியைப் பத்தி யாரும் வாயைத் திறக்கல பாருங்க. மேக்ரமே, கூடை, பிரம்பு, எல்லாம் தூசி வங்கி. எங்க அக்கா வீட்டு மேக்ரமே வாங்கும்போது வெண்ணெய் கலர், இப்ப ரவா உப்புமா கலர்.

வாடகைவாசி

துவைக்கலாம் பாஸ், பருத்தி நூல்தானே. தலையணை உறைக்குள்ள போட்டு வாயைக் கட்டி கைல அலசணும், மெஷின்ல போட்டா சிக்கு விழும். ஒரு வீட்டுக்கு ஒரு மேக்ரமே போதும், அதுக்கு மேல போனா நூல் கடை.

@செம்பருத்தி82 ஆணி அடிக்காம மாட்டறதுக்கு: ஒட்டற ஹூக் வேண்டாம், பழைய பெயிண்டோட பத்தையா உரிஞ்சு வரும், ஓனர் அட்வான்ஸ்ல புடிப்பார். ஏழாவது வீடு எனக்கு, எல்லாம் பட்டறிவு. நிமிந்து சீலிங்கைப் பாருங்க. பழைய ஃபிளாட்டா இருந்தா தூளி கட்டறதுக்கோ ஊஞ்சலுக்கோ கான்கிரீட்லயே கொக்கி விட்டிருப்பாங்க. அதுல கயிறு கட்டி மணி பிளான்ட் உறியைத் தொங்க விடுங்க, நாலு வயசுப் பையன் கைக்கு எட்டாத உசரத்துல, கீழ யாரும் நடக்காத மூலையாப் பாத்து. படம் எல்லாம் டிவி யூனிட் மேல சாய்ச்சு வைக்கலாம். பெருசா ஒண்ணு வேணும்னா கர்ட்டன் ராடுக்கு ஏற்கனவே போட்ட ஓட்டை எங்கயாவது சும்மா இருக்கும், தேடுங்க.

செம்பருத்தி82

கொக்கி இருக்கு!!! மூணு வருஷமா இந்த வீட்டுல இருக்கேன், ஃபேனுக்குப் பக்கத்துல இருந்திருக்கு, பெயிண்ட் அடிச்சு மூடி வச்சிருக்காங்க.

செம்பருத்தி82

(ஒன்பது வாரம் கழிச்சு) எல்லாரும் என்ன ஆச்சுன்னு கேட்டீங்க, சொல்றேன், கொஞ்சம் பெருசா வரும்.

முதல்ல அசிங்கப்பட்ட கதை. வாட்ஸ் அண்ணன் லைட்டை மாத்திட்டு அப்புறம் மத்ததை வாங்குன்னு சொன்னார் இல்லையா, நான் லைட் டெலிவரி வர்றதுக்குள்ளயே ஆர்வக்கோளாறுல பெயிண்ட் ஷேட் செலக்ட் பண்ணிட்டேன், சார்ட் பேப்பர்லயும் அடிச்சு மூணு வேளை பாத்தேன், ஆனா ராத்திரி பாத்தது பழைய ட்யூப்ல. அதுல அழகா மங்கலான செங்கல் கலர். நானும் அவரும் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க ரெண்டு கோட் அடிச்சோம். புதன்கிழமை வார்ம் பல்பு வந்துச்சு, போட்டேன். சுவர் தக்காளி சாதம். பையன் "அம்மா ஆரஞ்ச் மிட்டாய்"னு கத்தறான். ஒரு வாரம் பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன், அப்புறம் கொஞ்சம் பழுப்பு கலந்த, ரெண்டு படி வெளுத்த ஷேட் வாங்கி, இந்த தடவை புது லைட்ல பாத்துட்டு, மறுபடியும் அடிச்சோம். பெயிண்ட் மட்டும் 2,500 ஆச்சு.

ஆனா லைட் விஷயம் அண்ணன் சொன்னது நிஜம். ஜமக்காளத்துக்கு முன்னாடி, வெறும் ரெண்டு லேம்ப் போட்ட அன்னிக்கே அந்த சாம்பல் சோபா முதல் தடவையா என் கண்ணுக்கு நல்லா தெரிஞ்சுது. லேம்ப், பல்பு எல்லாம் சேர்த்து 2,900.

ஜமக்காளம் கருப்பும் செங்கல் கலரும் பட்டை போட்டது, 2,600, ரப்பர் வலை தனி. பையன் அது மேல ரசம் சாதம் கொட்டி ஒரு தடவை துவைச்சாச்சு, பவானிக்காரரே உங்களை நினைச்சுக்கிட்டேன். பிரம்பு சேர் புதுசுதான், 8,500, கை வச்சது, 17 இஞ்சு. அத்தை மொதல்ல "எதுக்கு இது"ன்னாங்க, இப்ப அதுல வேற யாரையும் உக்கார விடறதில்ல, அவங்க கண்ணாடி, மாத்திரை டப்பா எல்லாம் பக்கத்துல கொட்டானுக்குள்ள குடியேறிடுச்சு.

மேக்ரமே வாங்கவே இல்ல. அத்தைகிட்ட உறி பத்தி சொன்னேன். அவங்க சின்ன வயசுல தேங்காநார்க் கயித்துல பின்னுவாங்களாம், காடாக் கயிறு 30 ரூபாக்கு வாங்கிக் குடுத்தேன், கை மறந்து போச்சுன்னு சொல்லிட்டே டிவி பாத்துக்கிட்டே ரெண்டு நாள்ல பின்னிட்டாங்க. அந்தக் கொக்கில இப்ப அது தொங்குது, மணி பிளான்ட்டோட. வீட்டுக்கு வர்றவங்க அதைத்தான் போட்டோ எடுக்கறாங்க, அத்தை யாரும் கேக்காமலே எப்படிப் பின்றதுன்னு கிளாஸ் எடுக்கறாங்க.

செடி, தொட்டி, கொட்டான், தையக்கூலி எல்லாம் சேர்த்து மொத்தம் 25,000 சொச்சம். டிவி சுவர் இன்னும் காலியா இருக்கு, அவசரப்படப் போறதில்ல.

சரியா வராதது ஒண்ணு, கோரைப்பாயை பால்கனி கதவோரம் விரிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா வெயில்ல மூணு வாரத்துல வெளுத்துடுச்சு. இப்ப சுருட்டி மூலைல நிறுத்தி வச்சிருக்கேன். அதுவும் நல்லாத்தான் இருக்கு.

ஆர்க்கி_மதுரை

பாயைச் சுருட்டி மூலைல சாத்தியாச்சா. நான் ஒண்ணும் சொல்லல.

சும்மா_படிக்கிறவன்

உங்க அத்தை உறி ஆர்டர் எடுப்பாங்களா? சீரியஸா கேக்கறேன்.

செம்பருத்தி82

@சும்மா_படிக்கிறவன் கேட்டேன், 250 ரூபா, கயிறு நீங்க வாங்கித் தரணுமாம் 😄

ஆச்சி, ஒரு டவுட். கர்ட்டனுக்கு வெட்டினது அம்மாவோட அரக்கு சுங்குடி, இன்னும் துவைக்கல. குஷன் பின்பக்கம் வெள்ளைக் காடா. சேர்த்துத் துவைச்சா சாயம் இறங்குமா?

ஆச்சி_வீடு

இறங்கும்மா. முதல் தரம் குஷன் உறைய மட்டும் தனியா, பச்சைத் தண்ணில, முன்பக்க ஓரத்தை ஒரு விரல் அளவு நனைச்சு வெள்ளைத் துணில ஒத்திப் பாரு. சிவப்பு ஒட்டுச்சுன்னா தையலைப் பிரிச்சு பின்பக்கத்துக்கும் கலர்த் துணியே போட்டுரு. கர்ட்டன நிழல்ல காயப்போடு.